அண்ணன் மகள் அழுகிற பதினான்கு நொடி

அனுப்புநர்
தையல்கார அத்தை,
(தெருவில் எல்லோருக்கும் இதுதான் என் பெயர். தபால்காரரும் இதை வைத்தே கொண்டுவந்து தருவார்.)
மாடி வீடு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச்சந்து.

பெறுநர்
ஆய்வாளர் அவர்கள்,
இணையக் குற்றப் பிரிவு.

பொருள்: என் அண்ணன் மகள் அழுவதைப் படம் பிடித்துப் பரப்பியது – படத்தை நீக்கவும், பரப்பியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடவுள் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நல்லபடி வைக்கட்டும். நான் கிராமத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். மனு எழுதத் தெரிந்தவரிடம் எழுதி வாங்கச் சொன்னார்கள். இந்த விஷயத்தை இன்னொரு வாய்க்குக் கொடுக்க மனமில்லாமல் நானே எழுதுகிறேன்.

1. என் அண்ணி போன வருடம் காலமானார். அண்ணன் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவருடைய பத்தொன்பது வயது மகள் என்னோடு இருக்கிறாள். வாய் ஓயாத பெண். "அத்தை, சாமியைக் கொஞ்சம் தூங்க விடேன், காலையிலேருந்து கூப்பிட்டுட்டே இருக்க" என்று என்னைக் கேலி செய்வாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை.

2. ஒரு சனிக்கிழமை மாலை பில் மிஷின் நின்றுவிட்டது. வரிசையில் நின்ற ஒருவர், "உன்னைப் பெத்தவ இவ்ளோதான் கத்துக்குடுத்தாளா?" என்று கேட்டிருக்கிறார். தாயைச் சொன்னதும் பிள்ளை உடைந்துபோனாள். பில் தாளிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, விக்கி விக்கி அழுதிருக்கிறாள். பின்னால் நின்ற யாரோ அதைப் படம் பிடித்து, முகத்தில் நாய்க் காதும் நாய் மூக்கும் ஒட்டி, ஒரு பாட்டையும் சேர்த்து, "விக்கல் ராணி" என்று வலைத்தளத்தில் போட்டுவிட்டார். மொத்தம் பதினான்கு நொடி. வீட்டுக்கு வந்தவள், "மிஷின் நின்னுடுச்சு அத்தை, அவ்ளோதான்" என்றாள். நானும் நம்பினேன்.

3. ஐயா, இனி எழுதப்போவதை மறைத்தால் நான் சாமி கும்பிடுவதற்கே அர்த்தமில்லை. திங்கட்கிழமை அந்தப் படம் என் கைபேசிக்கு வந்தது. நாய் மூக்கு மறைத்த முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாட்டுச் சத்தத்தில் குரலும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை அழுகிறது என்று மட்டும் தெரிந்தது. நான் ஆறு பிரார்த்தனைக் குழுக்களில் இருக்கிறேன். நோயாளி, பரீட்சை, காணாமல் போன பூனை, எது வந்தாலும் வேண்டிக்கொள்வோம். ஆறிலும் படத்தை அனுப்பி, கூடவே என் குரலில் பேசிப் பதிந்தும் அனுப்பினேன்: "யாரு பெத்த புள்ளையோ, பாவம், இப்படி விம்முது. ஆளுக்கு ஒரு நிமிஷம் வேண்டிக்கோங்க. பத்துப் பேருக்கு அனுப்புங்க." என் சொல்லைத் தட்டாதவர்கள். அனுப்பினார்கள்.

4. குழுவில் ஒரு அம்மாள் சீருடையை வைத்துக் கடையைக் கண்டுபிடித்து, நேரில் போய் ஆறுதல் சொல்லலாமே என்று கடைப் பெயரையும் எழுதிவிட்டார். ஆறுதல் சொல்ல இரண்டு பேர் போனார்கள். வேடிக்கை பார்க்க ஊரே போனது. வரிசையில் நின்று விக்கிக் காட்டினார்கள். "ஒரு தடவை அழுது காட்டும்மா" என்று கைபேசியை நீட்டினார்கள். புதன்கிழமை, கூட வேலை செய்யும் பெண் தனக்கு வந்ததைக் காட்டியிருக்கிறாள். படத்துக்குக் கீழே என் குரல். வீட்டுக்கு வந்து பையை வைத்தாள். "நல்லா வேண்டிக்கிட்ட அத்தை" என்றாள்.

5. அந்தச் சனிக்கிழமையிலிருந்து இன்றோடு நாற்பத்தோரு நாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. விக்கல் வந்தால் தலையணையில் வாயைப் புதைத்துக்கொள்கிறாள். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்து, கைபேசியை வாங்கி வைக்கச் சொன்னார். தனியாக விடக் கூடாது என்றும் சொன்னார். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம். என் கத்தரிக்கோல்கள் எல்லாம் பக்கத்து வீட்டில் இருக்கின்றன. தையல்காரி கத்தரிக்கோல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் ஐயா. இதற்கு மேல் விளக்கமாக எழுதக் கை வரவில்லை.

6. குழுக்களில் கெஞ்சி அழிக்க வைத்தேன். முதலில் போட்ட இடத்தில் படம் அப்படியே நிற்கிறது. அந்த வலைத்தளத்துக்குப் புகார் அனுப்பினால் விதிமீறல் இல்லை என்று பதில் வருகிறது. காவல் நிலையத்தில் இருந்த தம்பி, "முகமே தெரியலையேம்மா, நாய்க் காதுதானே இருக்கு? நாலு நாள்ல அடங்கிடும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு?" என்றார். முகம் தெரியவில்லை என்றால் ஊர் எப்படிக் கண்டுபிடித்தது ஐயா? தெரியாமல் போனது எனக்கு மட்டும்தான்.

ஆகவே, படத்தை நீக்கவும், எடுத்தவரை விசாரிக்கவும் வேண்டுகிறேன். பரப்பியவர்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். முதல் பெயர் என்னுடையது. நல்ல மனதோடு செய்தவள் என்று என்னை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

தினமும் காலையில் அவள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "போயிடுச்சா அத்தை?" போய்விட்டது என்று சொல்லித் தொலையேன் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். என் குரலை ஒரு முறை அந்தப் படத்தின் கீழே கேட்டவள் அவள். அதே குரலில் ஒரு பொய்யை அவளுக்குக் கொடுக்க மாட்டேன். இன்று காலையும், "இல்லடா கண்ணு, இன்னும் இருக்கு" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் கேட்பதை நிறுத்துவதற்குள், ஒரு காலையில் "போயிடுச்சு" என்று நான் உண்மையாகச் சொல்ல வழி செய்யுங்கள்.

இடம்: வீடு, அவள் அறை வாசல்
நாள்: 17, வியாழன்

இப்படிக்கு,
பட்டியலில் முதல் ஆள்,
தையல்கார அத்தை
(கையொப்பம்)