‘அவுக’ கப்பலேறிய கதை

மாசி 6, திங்கள்

காலையிலிருந்து மழை. பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கவில்லை, ஆபீசில் வேலை குறைவு. என் முதல் நாவல் வெளிவந்து ஒன்பது நாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரிய கிராணிக்கு, அதாவது தலைமைக் குமாஸ்தாவுக்கு, கொடுத்த பிரதி அவர் மேசையில், மைக்கூட்டுக்கு அடியில்!

வீட்டில் மட்டும் வாசிப்பு நடக்கிறதாம். மத்தியானங்களில் மனைவி செல்லம்மா பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறாள்.

7, செவ்வாய்

வெயில். சவரம். சலவைத் துணி. ஸ்டாம்பு வாங்க மறந்தேன்.

குழாயடியில் பெண்கள் என்னைக் கண்டதும் கப்சிப். அடுத்த வீட்டுப் பாக்கியம் அக்கா மட்டும் நேராகவே, "ஏன் தம்பி, நாகப்பட்டணத்துல இன்னொரு குடும்பம் வச்சிருக்கீங்களா? செல்லம்மாவே வாசிச்சுச்சு லா!"

விஷயம் புரிந்தது. கதாநாயகனுக்கு என் அப்பா பெயரை வைத்தது மடத்தனம். மாமனார் பெயரைச் செல்லம்மா சொல்வாளா? பெயர் வரும் இடமெல்லாம் ‘அவுக’ என்று வாசித்திருக்கிறாள். ‘அவுக’ முதல் மனைவியை விட்டுவிட்டுக் கப்பலேறினாகளாம். ‘அவுக’ பினாங்கில் இரண்டாம் கல்யாணம் பண்ணினாகளாம். அவள் வாயில் ‘அவுக’ என்றால் எங்கள் பேட்டை ஜெலுத்தோங் முழுக்க நான்தான்.

8, புதன்

செ. தட்டை நங்கென்று வைத்தாள். மீன் குழம்பில் உப்பில்லை. கேட்கப் பயம்.

"அத்தனையும் கற்பனை" என்றேன்.

"கற்பனைப் பொம்பளைக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதைவிட நல்ல மதிப்புரை எனக்குக் கிடைக்கப் போவதில்லை. சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

10, வெள்ளி

செ.யின் அண்ணன் அக்கரைப் பாகான் டாலாமிலிருந்து காலைப் படகில். விசாரணை.

"மெய்யைச் சொல்லுங்க மாப்பிள்ளை. தங்கச்சிய விட்டுட்டு ஊருக்குப் போயிருவீங்களா?"

மாரியம்மன்மேல் சத்தியம் பண்ணினேன். நம்பினாரா தெரியாது. என்னையே பார்த்துக்கொண்டு காப்பி குடித்தார்.

செ. வாசிக்கக் கடைசி அத்தியாயம் பாக்கி. அதில் கதாநாயகன் முதல் மனைவியிடமே திரும்பிப் போகிறான். புத்தகத்தை ஒளித்துவைக்கலாமா? ஒளித்தால் இன்னும் சந்தேகம்.

12, ஞாயிறு

லீவு. புழுக்கம். கூடத்தில் பெண்கள். நான் அறைக்குள், கதவோரம்.

செ. வாசித்தாள். துறைமுகம் வந்தது. கப்பல் ஊதியது. எழுதியபடியே. பிறகு பக்கம் திருப்பும் சத்தம், குரல் நின்றது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அவுக கப்பல்ல ஏறல" என்றாள் செ. "பெட்டியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாக. முற்றும்."

புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு லா" என்றாள் பாக்கியம் அக்கா.

எல்லோரும் போனபின் வெளியே வந்தேன். செ. புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சரியாத்தான வாசிச்சேன்?"

சரிதான் என்றேன்.