ஒரு மணி நேரத்துக்குள் வரக்கூடியவர்

செப்டம்பர் 10

அன்புள்ள வாயாடிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

அறை சின்னது. கட்டில், மேசை, ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் இடம். வகுப்பில் யாருக்கும் உன் வயதுகூட இருக்காது. முதல் நாள் நான் நுழைந்ததும் சட்டென்று அமைதியானார்கள். பேராசிரியை என்று நினைத்தார்களாம். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்த பிறகுதான் மறுபடி பேச ஆரம்பித்தார்கள்.

சுகாதாரத் தகவலியல் என்றால் என்ன என்று சம்பந்தியம்மா கேட்டால் இப்படிச் சொல்: நோயாளியைப் பற்றி ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் எதைக் கேட்க வேண்டும், யாருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்கிற படிப்பு. இத்தனை வருஷம் வார்டில் நான் வாயால் செய்த வேலைக்கு இங்கே முதுகலைப் பட்டம் தருகிறார்கள்.

விடுதிக்காரர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, "அவசரம்னா யாரைக் கூப்பிடணும்?" என்றார். உன் நம்பரைச் சொன்னேன். "அது சரி, இங்க யாராவது சொல்லுங்க" என்றார். இந்த வெளிநாட்டில் எனக்கு யார்? பக்கத்து அறைப் பெண்ணைக் காட்டிவிட்டேன். அவளிடம் அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

உன் அம்மா

*

அக்டோபர் 29

அன்புள்ள ஹெட் நர்ஸ் அம்மாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நான் உண்டாகியிருக்கிறேன். ஜூன் முதல் வாரம் என்று டாக்டர் சொல்கிறார்.

இவருக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. அத்தை நல்லவர்தான், ஆனால் முட்டிவலி. காய்கறி வண்டி தெருவைத் தாண்டிப் போன பிறகுதான் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பார். "உங்கம்மா இருக்கறப்ப எனக்கென்ன கவலை?" என்று இப்போதே ஒதுங்கிக்கொண்டார்.

ஊரில் எத்தனையோ பேர் பிரசவத்துக்கு நீ பக்கத்தில் நின்றிருக்கிறாய். என்னுடையதற்கு இல்லாமலா போவாய்? எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. சிரிக்காதே.

உன் வாயாடி

*

டிசம்பர் 3

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, பக்கத்து அறைப் பெண்ணைப் போய்க் கட்டிக்கொண்டேன். அவள் பயந்தே போனாள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே. வருகிறேன், இதில் கேட்க என்ன இருக்கிறது?

என் ஆய்வு முடிவாகிவிட்டது. நோயாளியைச் சேர்க்கும்போது "நெருங்கிய உறவினர் யார்?" என்று கேட்கிறோம் இல்லையா, அது தப்பான கேள்வி. வார்டில் ஒருவருக்குத் திடீரென்று மோசமானால் அந்த நம்பரைக் கூப்பிடுவோம். எங்கோ கடல் தாண்டி ஒரு மகன் எடுத்து, ஓவென்று அழுவான். அந்த அழுகையைக் கேட்டு என் காதே மரத்துப்போயிருக்கிறது. அழுதால் கையெழுத்து ஆகுமா, ரத்தம் வந்துவிடுமா? பாசம் யாருக்கு என்பது ஆஸ்பத்திரிக்கு எதற்கு? "ஒரு மணி நேரத்துக்குள் நேரில் வரக்கூடியவர் யார்?" என்று கேட்க வேண்டும். வெளிநாட்டு நம்பரைத் தட்டினால் கம்ப்யூட்டர் ஏற்கவே கூடாது.

பேராசிரியர் கேட்டுவிட்டு மேசையைத் தட்டிப் பாராட்டினார். என்னுடைய பழைய ஆஸ்பத்திரியே இதைப் போட்டுப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டது. அதாவது நீ போகப்போகும் ஆஸ்பத்திரி. வாசலிலேயே உன் அம்மாவின் கேள்வி உன்னை வரவேற்கும்!

உன் அம்மா

*

மார்ச் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

குழந்தை நன்றாக உதைக்கிறது. மாத்திரையைத் தண்ணீரோடுதான் விழுங்குகிறேன்.

போன கடிதத்தில் எனக்கு நாலு வரி, உன் கேள்விக்கு ஒரு பக்கம். குறை சொல்லவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான்.

டிக்கெட் போட்டாயா? மே மாதம் பாதியிலேயே வந்துவிடு. வருவாயா மாட்டாயா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உன் வாயாடி

*

ஏப்ரல் 24

கண்ணம்மா,

வாய்மொழித் தேர்வை ஜூன் இரண்டாம் தேதி வைத்துவிட்டார்கள். மாற்றச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். இதை விட்டால் டிசம்பர்தானாம். அதுவரை இங்கே தங்க எனக்கு அனுமதி கிடையாது. தேர்வுக்கு மறுநாளே விமானம் ஏறுகிறேன். தலைப்பிரசவம் பெரும்பாலும் நாள் தள்ளித்தான் போகும். நர்ஸாகச் சொல்கிறேன், நம்பு.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். இந்த வயதில் முதல் தடவையாக எனக்கென்று ஒன்றை எடுத்து முடிக்கப் பார்க்கிறேன். அதற்கு உன்னிடம் கெஞ்ச வேண்டியிருப்பது எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது.

உன் அம்மா

*

மே 30

அன்புள்ள அம்மாவுக்கு,

பெண் குழந்தை என்று இவர் போனில் சொல்லியிருப்பார். இருவரும் நலம். மீதியை நான் எழுதுகிறேன்; தேர்வுக்கு முன்பே உனக்குக் கிடைக்கட்டும் என்று இவர் இதைப் போனில் படம் எடுத்து அனுப்புவார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வலி எடுத்தது. இவர் ஊரில் இல்லை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். நானே டாக்சி பிடித்துப் போனேன். கவுண்டரில் உன்னோடு வேலை பார்த்த அக்கா இருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தார்: "ஒரு மணி நேரத்துக்குள்ள நேர்ல வரக்கூடியவங்க யாரு?"

யோசிக்காமல் "அம்மா" என்றேன்.

அந்த அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "சிஸ்டர் வர முடியாதேம்மா. அந்த நம்பரை இது எடுக்காது, அவங்களே அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. வேற யாராவது சொல்லு" என்றார். அத்தையின் நம்பரைச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தது. உடனே ஆபரேஷன் என்றார்கள். அந்த அக்கா அத்தையைப் போனில் கூப்பிட்டார். அத்தை வந்துவிட்டார் அம்மா. முட்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு ஓடி வந்தார். கையெழுத்துப் போட்டார். ரத்தம் கொடுக்கத் தெருவிலிருந்து இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார். என்னை உள்ளே கொண்டுபோகும் வரை கையை விடவில்லை.

தேர்வில் யாராவது கேட்டால் சொல், உன் கேள்வி சரியான கேள்வி. அதை மாற்ற வேண்டாம்.

மூன்றாம் தேதியே கிளம்ப வேண்டும் என்று அவசரப்படாதே. பட்டமளிப்பு விழாவையும் இருந்து முடித்துக்கொண்டு நிதானமாக வா. இங்கே ஆள் இருக்கிறது.

உன் மகள்