நான் சொன்ன மாமா

அக்கா,

தென்காசியில் நம் சபை வாசலில் இன்று காலை புது ஃபிளக்ஸ் வாடை அடித்தது. நிமிர்ந்தால் நீங்கள். உங்கள் நினைவாக அசனமாம், வருகிறவர்களுக்கெல்லாம் சோறாம். படத்தில் உங்கள் இடுப்பில் அனாதை இல்லத்துப் பிள்ளை நீமா இருக்கிறாள். கீழே கொட்டை எழுத்தில், 'தாயில்லாப் பிள்ளைக்குத் தாயானவர்.' எனக்குக் குமட்டியது.

தான்சானியாவில் அந்த அனாதை இல்லத்துக்கு ஊழியம் செய்யப் போன முதல் வாரமும் குமட்டியது. நீங்கள் ஓய்வு பெற்ற நர்ஸ். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, வேதப் புத்தகத்தை எழுத்துக்கூட்டியே வாசிக்கப் பழகியவள். சமையலுக்கு ஆள் வேண்டுமென்று என்னையும் அனுப்பினார்கள். விடிந்ததும் பிள்ளைகள் நனைத்த விரிப்புகளை அலச வேண்டும். பிறகு மக்காச்சோளக் கஞ்சியைக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். வெயில் ஏறும் முன் நீங்கள் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, கால் நகத்தடியில் புகுந்து முட்டையிட்ட பூச்சிகளை ஊசியால் எடுப்பீர்கள். உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை நான் பிடித்திருப்பேன். ஒரு பிள்ளையின் காலிலிருந்து சீழ் தெறித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏட்டி, குமட்டுனா அங்கன போய்த் துப்பிட்டு வா. பிள்ளைக்கு முன்னால மூஞ்சச் சுளிக்காத. சுளிக்க வேண்டிய இடம் வேற இருக்கு" என்றீர்கள்.

பெண்பிள்ளைகளை எல்லாம் நீங்கள் ஏட்டி என்றே கூப்பிட்டதால், பிள்ளைகள் அதுதான் உங்கள் பெயர் என்று நினைத்து, உங்களை 'மாமா ஏட்டி' என்றார்கள். பொம்பளையைப் போய் மாமா என்கிறதுகளே, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் என்று சிரித்தேன். தெரியாதது எனக்குத்தான்.

நம்மோடு வந்த சபைக் குழு இரண்டு வாரம் தங்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் படம் எடுத்து ஓர் அட்டை போட்டது. ஊரில் ஆளுக்கோர் அட்டை எடுத்து, அந்தப் பிள்ளைக்காக ஜெபித்து உதவி அனுப்புவார்களாம். முதல் ஞாயிறன்று வேலிப் பக்கமிருந்து ஓடிவந்த நீமாவிடம், யார் வந்தது என்று சைகையால் கேட்டேன். "மாமா" என்றாள். நான் அடுப்படியை விட்டு எழுந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் குழுவின் செயலாளர் அவளுக்கு யார் உண்டு என்று கேட்டபோது, "ஒரு மாமா வருதாரு" என்றேன். அட்டையில் ஏறிவிட்டது: தாய் தந்தை இல்லை, மாமா மட்டும்.

அடுத்த ஞாயிறு நீங்கள் அடுப்படி வாசலில் வந்து நின்றீர்கள்.

"ஏட்டி, நீ சொன்ன மாமா வேலிக்கிட்ட கைப்பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு நிக்குதாரு. போய்ப் பாத்துட்டு வா."

போனேன். நின்றது ஒரு பெண். புருஷன் செத்தபின் இரண்டு பிள்ளைக்கும் சோறு போட வழியில்லாமல் மூத்தவளை இங்கே விட்டவள். வாரந்தோறும் நடந்தே வருகிறவள் என்று பிறகு நீங்கள் சொன்னீர்கள். கம்பி இடுக்கில் நீமாவின் கையை வாங்கி, வளர்ந்த நகத்தைப் பல்லால் கடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் அம்மாவைத்தான் மாமா என்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீங்கள் அட்டையைத் திருத்தச் சொன்னீர்கள். செயலாளர் சிரித்தார்.

"ஒரு வார்த்தைதானே சிஸ்டர். தாய் இல்லேன்னாத்தான் சனத்துக்கு மனசு இறங்கும்."

"உங்க சனத்துக்கு மனசு இறங்கணும்னு அவளச் சாகச் சொல்லுதீங்களா?"

அவர் அட்டைகளை அடுக்கிப் பைக்குள் வைத்தார். நீமாவின் அட்டை மாறவில்லை. முகம் சுளிக்க வேண்டிய இடம் எதுவென்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஊர் திரும்பிய வருஷம் சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? தலை துவட்டியபடியே அதைத்தான் பேசினீர்கள். "அவ பெரியவளாகி அந்த அட்டையப் படிப்பால்லா? அப்ப யாருட்டி பதில் சொல்லுவா?" அதன்பின் அட்டையைத் திருத்தச் சொல்லி நீங்கள் சபைத் தலைமைக்கு எழுதிய கடிதங்களைத் தபாலில் சேர்த்தது நான். ஒன்றுக்கும் பதில் இல்லை. இப்போது அதே பொய்யை உங்கள் படத்துக்கு அடியிலேயே ஒட்டியிருக்கிறார்கள்.

அந்தச் செயலாளர்தான் இன்றைக்கும் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு அடியில் இருந்த வரியை எடுக்கச் சொன்னேன். செத்தவர்கள் பெயரில் சண்டை வேண்டாம் என்று இலை போடப் போய்விட்டார். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கத்தி வாங்கினேன். நாற்காலியில் ஏறி, அந்த வரியை மட்டும் அறுத்தெடுத்தேன். உங்கள் மேலும் நீமா மேலும் கத்தி படவில்லை. பந்தியில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். அந்தப் பிள்ளைக்குத் தாய் உண்டு, இல்லாமல் ஆக்கிய முதல் வாய் என்னுடையது, அடுத்தது இவருடையது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். சோற்றைத் தொடாமல் வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். அனுப்பட்டும்.

பேருந்து நிலையத்தில் யாரோ "மாமா, மாமா" என்று கூப்பிட்டார்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர் திரும்பினார். நான் அவரைத் தாண்டி, கைப்பிள்ளையோடு ஒருத்தி நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.