மூன்று மணிக்கு நகரும் டாங்கி

என் செல்ல அம்மாவுக்கு,

முதலில் நல்ல சேதி. உன் வீடியோ கேம் பெட்டி மறுபடி ஓடுகிறது. நீ எங்களை விட்டுப் போன ஐந்தாம் மாதம் அதை ரிப்பேர் பண்ணச் சொன்னது யார் தெரியுமா? அப்பா! "கழுதை வயசாச்சு, இன்னும் என்ன வெளையாட்டு வேண்டிக்கெடக்கு" என்று முப்பது வருஷமாக உன்னைக் கேலி செய்த அதே அப்பாதான்.

டிவியில் முதலில் வெறும் கோடுகள்தான் வந்தன. அடாப்டரை மாற்றிப் பார்த்தேன், ஒயரை மாற்றினேன். கடைசியில் கேசட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் பற்கள் முழுக்க விபூதி. குத்துவிளக்கைத் தேய்க்கிற கையோடு இதையும் தேய்த்திருக்கிறாய்! காலேஜ் லேபில் இருபது வருஷம் சால்டரிங் அயர்ன் பிடித்தவள் வீட்டில் இருக்கும்போது உனக்கு இந்த வைத்தியம் தேவையா? சிரித்துக்கொண்டே ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தேன். படம் வந்துவிட்டது.

பழக்கதோஷத்தில் இரண்டு பேர் சேர்ந்து எதிரி டாங்கிகளைச் சுட்டு நம் கோட்டையைக் காக்கும் ஆட்டத்தைப் போட்டேன். என் டாங்கி ஒரு பக்கம், உன் டாங்கி ஒரு பக்கம். நீ ஆடியது ஒரு ஆட்டமா அம்மா? ஒரு எதிரியையும் துரத்த மாட்டாய். கொஞ்சம் இடப்பக்கம் போவாய், திரும்பி வந்து நம் கோட்டைக்கு முன்னால் நின்றுகொள்வாய். கேட்டால், "நீ போய்ச் சுடுடீ. நான் ஆத்தெப் பாத்துக்கறேன்" என்பாய், அந்தக் கோட்டைதான் நம் வீடு என்பதுபோல்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. துலாமாசத்து ஐப்பசி மழை வழக்கம்போல் மூன்று மணிக்கு இடியோடு பிடித்துக்கொண்டது. அதுவரை சும்மா நின்ற உன் டாங்கி நகர்ந்தது. கொஞ்சம் இடப்பக்கம் போயிற்று. திரும்பி வந்து கோட்டைக்கு முன்னால் நின்றது. இரண்டாவது கன்ட்ரோலரை யாரும் தொடவில்லை. அதைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். அடுத்த ஆட்டத்திலும் அதே இடப்பக்கம், அதே கோட்டை வாசல். நான் பாயை விட்டு எழுந்துவிட்டேன். அப்பா மட்டும் நிதானமாக, "வந்துட்டா பாரு" என்றார், நீ ஏதோ பக்கத்து வீட்டுக்குப் போய்வந்த மாதிரி.

அன்றிலிருந்து இரண்டரைக்கே அவர் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பெட்டியைப் போடத் தானே கற்றுக்கொண்டார். கரமனை ஆற்றுப் பக்கம் நடக்கப் போவதும் நின்றது. அவர் கண்ணில் புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு தடவை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினேன். இரண்டு தடவையும் வர மாட்டேன் என்றுவிட்டார்.

"மூணு மணிக்கு அவ வருவா. நான் ஆஸ்பத்திரில கெடந்தா அவ யாரெப் பாப்பா, கேட்டியா?"

ஆபரேஷனுக்குப் போகச் சொல்லி அவரிடம் நீயே சொல்லேன்.

பெட்டியைக் கழற்றினேன். உன் விபூதி கேசட் வழியாக உள்ளே கொட்டி, இரண்டாவது கன்ட்ரோலரைச் செருகுகிற இடத்தில் கம்பிகளுக்கு நடுவே அப்பிக்கிடந்தது. மழைக்காற்றில் சாம்பல் ஈரம் குடித்தால் அதன் வழியாக மின்சாரம் கசியும். யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். மழை மூன்று மணிக்கு, டாங்கியும் மூன்று மணிக்கு. கண்டுபிடித்ததற்குச் சந்தோஷப்படாமல் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்து அழுதேன். இதைத் துடைத்தால் உன்னையே துடைத்துவிடுவேன் என்று தோன்றியது. ஆனாலும் துடைத்தேன். அப்பாவுக்குக் கண் வேண்டும் அம்மா.

விஷயத்தை அவரிடம் விளக்கினேன். அவர் மறுபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க மழை பெய்தது, டாங்கி அசையவில்லை. அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அடுத்த ஞாயிறு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினேன். மழை பிடித்ததும் என் டாங்கி நான் சொன்ன பேச்சைக் கேட்காமல் தடுமாறியது. உன் டாங்கி இடப்பக்கம் போய், திரும்பி, கோட்டைக்கு முன்னால் நின்றது.

திறந்து பார்த்தேன். உள்ளே புது விபூதி.

"நான்தான் போட்டேன்" என்றார் அப்பா. "நீ காலேஜுக்குப் போனப்பறம், ஒயர் செருகற அந்த ஓட்டை வழியா. அவ வரலேன்னா நான் என்னடீ பண்ணுவேன்?"

என்னால் கோபப்பட முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனியில் இன்னும் விபூதி ஒட்டியிருந்தது.

அம்மா, இனி சொல்வதை நான் யாரிடமும் சொல்லவில்லை. புரை விழுந்த கண்ணுக்கு எந்த ஓட்டை யாருடையது என்று தெரியவில்லை. அப்பா விபூதி போட்டது முதல் கன்ட்ரோலர் பக்கம், என் பக்கம். என் டாங்கி தடுமாறியதற்கு அது காரணம். உன் பக்கம் நான் துடைத்து வைத்தபடியே பளிச்சென்று இருந்தது. மீட்டர் வைத்து மூன்று தடவை பார்த்தேன். துளிக் கசிவு இல்லை. அப்படியானால் உன் டாங்கியை நகர்த்தியது எது?

நேற்று அப்பாவே இறங்கி வந்தார். "ஆபரேஷன் அன்னிக்கு மூணு மணிக்கு நீ இங்கெ இருக்கேன்னு சொல்லு, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவ வரச்சே ஆத்துல ஆள் வேணும்." செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். பெங்களூரிலிருந்து தம்பி வந்து அவரை அழைத்துப்போகிறான். நான் காலேஜுக்கு லீவு போட்டாயிற்று.

என் பக்கத்து விபூதியையும் துடைத்து மூடியைத் திருகிவிட்டேன். உன் கன்ட்ரோலரைச் செருகவில்லை, நீ உட்காரும் பாயில் வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு என் இடத்தில் இருப்பேன், மழை வந்தாலும் வராவிட்டாலும். பயப்பட மாட்டேன் என்று சொல்ல முடியாது. எழுந்து ஓட மாட்டேன், அது சத்தியம்.

அன்று ஒரு நாளாவது நீ காவல் நிற்க வேண்டாம் அம்மா. நீ போய்ச் சுடு. ஆத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பக்கத்துப் பாயில் காத்திருக்கும்
உன் பெண்,
கோமதி