அக்கா வாங்கின பேரில்லாத ஃபிரேம்

அக்கா, ஷிப்டுக்கு லேட்டாச்சு, வாயால சொல்லியே டைப் பண்றேன். நீ எனக்காக வாங்கிட்டு வந்த பழைய சைக்கிள் ஃபிரேம்ல பேரும் இல்ல, நம்பரும் இல்லன்னு நேத்து கத்திட்டேன். திருட்டு வண்டின்னு போலீஸ் பிடிச்சா என் விசா என்னாகும், சொல்லு?

காலைல பின்சக்கரம் மாட்டற இடத்துல பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தேன். நம்பர் இருக்குக்கா! அரம் போட்டு யாரும் அழிக்கல, பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சு மூடியிருக்காங்க. மத்தியானம் சைக்கிள் கடைக்காரர் வருவார், காட்டு. எந்தக் கம்பெனி, திருட்டுப் போனதான்னு நம்பரை வெச்சுப் பார்த்துச் சொல்றாராம். திருட்டுன்னா உடையவங்களுக்கே குடுத்துடலாம், நீ அழாத.

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல.

இன்னொண்ணு, நான் தினம் நடந்து போறது பொறுக்காமதான் நீ இதை வாங்கிட்டு வந்தன்னு தெரியும்.

அவர் என்ன சொன்னாலும் போன் பண்ணாத, மெஷின்ல கவனம் சிதறும். நான் வந்தப்புறம் பக்கத்துல உக்காந்து சொல்லு.