கூர் பார்த்த கை

மார்ச் 2, செவ்வாய்

நேற்று மாலை மூன்றாவது ஊசி. செவ்வாய் கடைக்கு விடுமுறை. அதனால் திங்கட்கிழமைதோறும் போட்டுக்கொண்டு மறுநாள் முழுக்கப் போர்வைக்குள் நடுங்குவது என்று ஏற்பாடு. இன்னும் இருபத்தொரு வாரம் இப்படி. ஈரலில் ஹெபடைடிஸ் சி. எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறதோ, ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சலூனை மூட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆளுக்கொரு புது பிளேடு என்றார், அது ஏற்கெனவே செய்வதுதான். ஆனால் என் கையில் கூர் பார்க்கக் கூடாதாம். தொழில் கற்ற நாளிலிருந்து, யார் முகத்தில் கத்தி வைக்கும் முன்னும் இடது மணிக்கட்டுக்கு மேலே ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். முடி விழுந்தால் கூர் சரி. இருபத்தாறு வருஷத்தில் அந்த இடம் வழுவழுவென்று ஆகிவிட்டது. "ரத்தத்துல பரவுற வியாதி இது. உங்களுக்கே தெரியாம ஒரு கீறல் விழுந்தா?" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தலைதானே ஆடியது, கைக்கு யார் சொல்வது?

மார்ச் 11

வாயெல்லாம் இரும்பை நக்கினது போல. காலையில் மூன்று மாத்திரை, மாலையில் மூன்று. அரிப்பு. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. என் வீட்டுக்காரி பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் தாங்கவில்லை. "மெஷினைத் தூக்கித் தெருவுல போட்டுடுவேன்" என்று கத்தினேன். அவள் நிதானமாக நூலைக் கத்தரித்தாள். "இது நீங்க பேசல. ஊசி பேசுது" என்றாள்.

திருப்பிக் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 27

சீப்பு முழுக்க முடி. தபால்காரர் இன்றைக்குக் கண்டுபிடித்துவிட்டார். பதினாலு வருஷமாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள், பை காலியானதும் நேராக என் நாற்காலிக்கு வருகிறவர். "கடைக்கு இது நல்ல விளம்பரமா இல்லையே அண்ணே!" என்று சிரித்தார். உடம்புச் சூடு என்று புளுகினேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்.

ஏப்ரல் 9

வீட்டுக்கு ஒன்பது படி. நடுவில் உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் குறைந்திருக்கிறதாம், மாத்திரையில் ஒன்றைக் குறைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 22, வியாழன்

எழுதித்தான் ஆகவேண்டும்.

காலையில் இவளிடம் துண்டு எங்கே என்று ஆரம்பித்து ஊரைக் கூட்டாத குறை. அந்தக் கடுப்போடு கடைக்குப் போனேன். தபால்காரர் வந்தார், சோப்பு நுரை போட்டேன், புது பிளேடு மாட்டினேன், சவரம் செய்தேன். தாடைக்குக் கீழே அவருக்கு ஒரு மரு. பதினாலு வருஷமாக அதைச் சுற்றிக்கொண்டு போகிறவன், இன்று கை தவறி அதன் ஓரத்தில் கீறிவிட்டேன். படிகாரக் கட்டியை வைத்து அழுத்தினேன். "பரவால்லண்ணே, உடம்பப் பாத்துக்குங்க" என்று அவர் எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

கை கழுவும்போது மணிக்கட்டில் சுரீர் என்றது. மெல்லிய சிவப்புக் கோடு.

கூர் பார்த்திருக்கிறேன். பார்த்த நினைவே இல்லை. எது முதலில் என்று யோசிக்க வேண்டியதில்லை — முதலில் என் கை, அப்புறம் அவர் முகம். அதுதானே வழக்கம்.

ஏப்ரல் 24

வந்தார். உடம்பு சரியில்லை என்று சவரம் செய்யாமல் அனுப்பினேன். மரு பக்கத்தில் சின்னப் பொருக்கு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொன்னால் கடை போச்சு. சொல்லாவிட்டால்? அந்த ஆள் சிரித்துக்கொண்டே வீடு வீடாகக் கடிதம் போடுவார், உள்ளே அது குடிவந்துவிட்டிருந்தால்? ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஒருவேளை. ஒருவேளை.

ஏப்ரல் 26

ஊசிக்குப் போகிற வழியில் இவளிடம் சொன்னேன். கீறல் சின்னதுதான், ஒன்றும் ஆகாது, எதற்கு அவரைக் கலவரப்படுத்துவது, மூடி மறைத்துவிடலாம் என்றேன். நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

"இது ஊசி பேசல. இது நீங்க" என்றாள்.

இருபது வருஷத்தில் அவள் என்னை இப்படிப் பார்த்ததில்லை. டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டோம். "வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன். அவர இங்க அனுப்புங்க" என்றார். இப்போது ஒரு சோதனை, மூன்று மாதம் கழித்து ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று.

ஏப்ரல் 28

சொல்லிவிட்டேன். நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், நேருக்கு நேர் வாய் வரவில்லை. முழுக்கக் கேட்டார். பிறகு, "எப்பலேர்ந்துண்ணே உங்களுக்கு இது?" என்றார். பிப்ரவரியில் ஊசி ஆரம்பித்தது என்றேன்.

"அப்ப சூடுன்னு சொன்னது?"

கழுத்திலிருந்த துணியை அவரே அவிழ்த்து, மடித்து, கைப்பிடியில் போட்டுவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

மே 6

எனக்கு வரும் கடிதங்களைப் பக்கத்துச் செருப்புக் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார். முதல் சோதனையில் ஒன்றும் இல்லையாம், செருப்புக் கடைக்காரர்தான் சொன்னார். ஆனால் முதல் சோதனையை நம்ப முடியாதே. அவரைத் தவிர வேறு யாருக்கும் நான் சொல்லவில்லை, இப்போது தெருவுக்கே தெரியும். பாதிப் பேர் வருவதில்லை. வருகிறவர்கள் என் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

மே 10

ஊசிக்கு வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். எனக்குக் குணமாகி, என்னால் அவருக்கு வந்திருந்தால் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது? இவள் கெஞ்சவில்லை. செருப்பை எடுத்து வந்து கட்டிலடியில் போட்டாள். "பாதியில விட்டா அது இன்னும் உங்க ரத்தத்துலதான் இருக்கும். நாளைக்கு இன்னொருத்தர் வந்து உக்காருவாரு" என்றாள். போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். பன்னிரண்டாவது வார ரத்தச் சோதனையில் கிருமி தென்படவில்லை. எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை.

ஜூலை 26

கடைசி ஊசி. நர்ஸ் கைகுலுக்கினார். ஆனால் திரும்பி வராது என்று உறுதியாகத் தெரிய இன்னும் ஆறு மாதம்.

ஜூலை 30

அவருக்கு இரண்டாவது சோதனையிலும் ஒன்றும் இல்லை. செருப்புக் கடைக்காரரை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

செப்டம்பர் 3

தெருமுனையில் பார்த்தேன். எங்கே வெட்டிக்கொண்டாரோ, ஒரு கிருதா மேலே, ஒன்று கீழே. கை பரபரத்தது. அவர் சைக்கிளை எதிர்ச் சந்தில் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர் 29

மூன்றாவதும் சுத்தம். அவருக்கு இனி வராது. கடையை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு அழுதேன். இவளிடம் சொன்னதும், தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் போட்டுவிட்டு அவளும் அழுதாள். இனிமேல் வருவார் என்று நினைத்தேன்.

நவம்பர் 20

வரவில்லை. அவர் பயந்தது கிருமிக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 10, வியாழன்

என் கடைசிச் சோதனையின் முடிவைத் தபாலில் அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பத்து நாளாக நிலைகொள்ளவில்லை. பதிவுத் தபால் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதைச் செருப்புக் கடையில் கொடுக்க முடியாது, ஆள் கையெழுத்துப் போட வேண்டும்.

வாசலில் நின்றார். "கையெழுத்து" என்றார். போட்டேன், கோணல்மாணலாக. உறையைப் பிரிக்காமல் நின்றேன். அவரும் போகவில்லை.

"பிரிங்கண்ணே."

கிருமி இல்லை என்று இருந்தது. தாளை அவரிடமே நீட்டினேன். படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வியாதி வந்தது உங்க தப்பில்லண்ணே. சூடுன்னு சொன்னீங்க பாருங்க" என்று நிறுத்திக்கொண்டார். துணியை உதறி அவர் கழுத்தில் கட்டினேன். பிறகு, "இந்தக் கிருதாவ மொதல்ல சரி பண்ணுங்க, தெருவே சிரிக்குது" என்றார்.

நுரை போட்டேன். புது பிளேடைப் பிரித்து மாட்டினேன். வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போய், அங்கேயே நின்றது. வழுவழுப்பாக இருந்த இடத்தில் முடி வளர்ந்திருக்கிறது. நான் கவனித்ததே இல்லை. கண்ணாடியில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டேன்.

"கூர் பாக்காமயா வைக்கப்போறீங்க?" என்றார். துணிக்கு அடியிலிருந்து தன் இடது கையை வெளியே எடுத்து, சட்டையை முழங்கை வரை சுருட்டி, என் முன்னால் நீட்டினார்.

ஒரு இழுப்பு. முடி விழுந்தது.

மருவைச் சுற்றிக்கொண்டு போனேன்.