அஞ்சலை கொண்டுவந்த களிமண்

புரட்டாசி 9, செவ்வாய்

படுத்தும் தூக்கம் வரவில்லை. காணை கிராமத்தில் பார்த்த அந்த வயல் கண்ணிலேயே நிற்கிறது.

ஆனி மாதம், அதில் பயிர் செய்யும் அஞ்சலை பரிசோதனைக்கு ஒரு பை மண் கொண்டுவந்தார். ஈரமாக்கி உருட்டிப் பார்த்தேன். விரிசல் விடாமல் வளையமாக வளைந்தது. அசல் களிமண், தண்ணீரைப் பிடித்து வைக்கும், நெல்லுக்கு ஏற்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திண்டிவனம் மண் ஆய்வகத்தில் உட்கார்ந்த இடத்திலேயே. அதை நம்பி, வழக்கமாகப் போடும் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, விட்டுவிட்டு, குத்தகை நிலம் முழுக்க நெல் நட்டிருக்கிறார்.

இன்றுதான் நேரில் போனேன். காலையில் பாய்ச்சிய தண்ணீர் மதியம் இல்லை. கடப்பாரையால் குத்தினேன். நாலு விரல் ஆழத்துக்குக் கறுப்பு. அதற்குக் கீழே வெறும் செம்மணல்.

"ஏரி வண்டல் அடிச்சீங்களா?"

"ஆமா சார், கோடையில லோடு லோடா அடிச்சோம். அதுலருந்துதான் எடுத்தாந்தேன். நீங்க கேக்கவே இல்லியே."

படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. எனக்குமா தோன்றாமல் போயிற்று?

"அப்ப நீங்க எழுதிக் குடுத்தது எந்த நெலத்தப் பத்தி சார்?"

"ஏரியப் பத்தி" என்றேன்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நட்டாச்சு, காய வுட முடியுமா? எறச்சிக்கினே இருக்க வேண்டியதுதான்" என்று மறுபடி மோட்டாரைப் போடப் போனார்.

இந்நேரமும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.